பழைய சிறு காருக்கு ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறீர்களா? கட்டுப்படியாகும் செலவில் சரியானதைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

பத்து ஆண்டுகளைத் தாண்டிய ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்ற சிறு கார் ஒன்றை வைத்திருப்பவரிடம் மெக்கானிக் "ஷாக் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று சொன்னால், அடுத்து வரும் தொகை ஐயாயிரமாகவும் இருக்கலாம், பதினைந்தாயிரமாகவும் இருக்கலாம். என்னுடைய 2009ஆம் ஆண்டு வேகன் ஆருக்குச் சென்னையில் விலை விசாரித்தபோது, கேட்ட இடமெல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாத தொகையையே சொன்னார்கள். ஒருவர் முன்பக்க ஷாக்குகளுக்கு மட்டும் சொல்லியிருந்தார். இன்னொருவர் மவுண்ட், அலைன்மெண்ட் எல்லாவற்றையும் சேர்த்திருந்தார். வேறொருவர் ஸ்பிரிங் உட்பட நான்கு சக்கரங்களுக்கும் கணக்குப் போட்டிருந்தார். ஆளுக்கொரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்ன விலைகளை நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது விளங்கவே சில நாள் ஆனது. ஆகவே எந்த ஷாக் மலிவு என்று தேடுவதற்கு முன், உங்கள் வண்டிக்கு என்ன வேலை தேவை என்பதை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்குத்தான்.

1. பழுது ஷாக்கில்தானா என்று உறுதி செய்யுங்கள்

வண்டியின் எடையைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காதபடி அடக்குவது ஷாக் அப்சார்பர். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது என்றால் சந்தேகிக்க வேண்டியது ஸ்பிரிங்கைத்தான். எவ்வளவு விலை கொடுத்துப் புது ஷாக் போட்டாலும் அந்தத் தாழ்வு நிமிராது.

ஷாக் தேய்ந்ததற்கான அடையாளங்கள் வேறு. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை எழும்பி அமிழும். பிரேக் பிடித்தால் மூக்கு வழக்கத்தை விட அதிகமாகக் குத்தும். நெடுஞ்சாலையில் பேருந்து கடந்து போகும்போது வண்டி ஒரு பக்கம் அலையும். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாட்டில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மேடும் குழியுமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து ஷாக்கின் குழாயைப் பாருங்கள். மேல்பகுதியில் மட்டும் தூசி லேசாக ஈரம் கண்டு படிந்திருந்தால் அது இயல்பான கசிவு. அதற்காக மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து, ஸ்பிரிங் அமரும் கீழ்க்கிண்ணம் வரை மினுமினுத்தால், அதில் சேறு பிசினைப் போல ஒட்டியிருந்தால், அந்த ஷாக்கின் காலம் முடிந்தது. பானெட்டின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை எல்லாருக்கும் தெரியும். வண்டி பலமுறை ஆடினால் ஷாக் போய்விட்டது என்று நம்பலாம். ஆடாமல் நின்றால் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட முடியாது, ஏனெனில் இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகளான பழைய புஷ்களின் இறுக்கமே வண்டியை நிறுத்திவிடும்.

சத்தம் ஒரு பெரிய பொறி. சிறு பள்ளங்களில் "டக் டக்" என்று கேட்டால் உடனே ஷாக்கின் மேல் பழி விழுகிறது. ஆனால் அந்தச் சத்தம் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் பார் புஷ் அல்லது லிங்க் ராடிலிருந்து வருகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது போல "டொங்" என்று கேட்டால், அது ஸ்ட்ரட் (ஸ்பிரிங்குக்குள் அமரும் முன்பக்க ஷாக்) மேலே வண்டியின் உடலுடன் இணையும் மவுண்ட்டின் பேரிங். இவை ஒவ்வொன்றும் சில நூறு ரூபாயில் தொடங்கும் பாகங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, கம்பியால் நெம்பிப் பார்த்து, எந்த இணைப்பு ஆடுகிறது என்று உங்களுக்குக் காட்டாத மெக்கானிக்கின் பேச்சில் ஷாக் வாங்க வேண்டாம்.

2. வண்டியின் அடையாளத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போய் "ஆல்ட்டோவுக்கு முன் ஷாக்" என்று கேட்பதுதான் தவறான பாகம் கைக்கு வருவதற்கான நேர்வழி. ஒரே பெயரில் பல வண்டிகள் வந்திருக்கின்றன. பழைய ஆல்ட்டோ வேறு, 2010இல் வந்த ஆல்ட்டோ கே10 வேறு, 2012இல் வந்த ஆல்ட்டோ 800 வேறு, 2014இல் புதிய உடலுடன் வந்த கே10 வேறு. வேகன் ஆர் 2010 ஏப்ரலில் அடியோடு மாறியது. அதனால் ஆர்சியில் 2010 என்று இருந்தால் ஆண்டு போதாது, தயாரிப்பு மாதத்தையும் பார்க்க வேண்டும். ஐ10, கிராண்ட் ஐ10 ஆகியவையும் அப்படித்தான்.

ஆகவே மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆர்சியில் உள்ள மாடல் பெயர், தயாரிப்பு மாதமும் ஆண்டும், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண். மாருதி வண்டியானால் அது எம்ஏ3 என்றும், ஹூண்டாய் வண்டியானால் எம்ஏஎல் என்றும் தொடங்கும். பதிவைச் சரிபார்க்கும் சில இணையத் தேடல்களில் இந்த எண்ணின் ஒரு பகுதியை மறைத்துக் காட்டுவார்கள். எனவே ஆர்சி அட்டையையோ வண்டியின் உடலில் பொறித்திருப்பதையோ பார்த்து எழுதுங்கள். கம்பெனி உதிரிபாகக் கடையில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் கணினியில் பார்த்துப் பாக எண்ணைச் சொல்லிவிடுவார்கள். மாருதி பாக எண்களில் முதல் ஐந்து இலக்கங்களை அடுத்து எம் என்ற எழுத்து வரும். அதிலிருந்து கடைசி எழுத்து வரை ஒன்றையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே வாங்கவில்லை என்றாலும் அந்த எண் மற்ற எல்லாக் கடைகளிலும் உங்களுக்குக் கைகொடுக்கும், ஏனெனில் வேறு நிறுவனங்களின் பட்டியல்களும் அதற்கு இணையான தங்கள் எண்ணைத்தான் குறிப்பிடுகின்றன.

முன்பக்கத்தில் இடது ஸ்ட்ரட்டும் வலது ஸ்ட்ரட்டும் வேறு வேறு. பிரேக் ஹோஸைப் பிடிக்கும் கிளாம்ப் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தில் பெரும்பாலான சிறு கார்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே எண். இரண்டு பெட்டிகளை வாங்கி வந்து பிரித்தால் இரண்டும் வலதாகவே இருந்த கதை மெக்கானிக் ஷெட்களில் சாதாரணம். கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஆர்சியை எடுத்த கையோடு அது எப்போது காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25இல் விண்ணப்பித்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால் ஷாக்குக்குச் செலவழிப்பதை யோசியுங்கள். புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஆய்வுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

3. எந்தத் தரத்தில் வாங்குவது

சந்தையில் உங்கள் முன் வைக்கப்படுபவை நான்கு வகை. முதலாவது கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது: மாருதி ஜெனுயின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கு மோபிஸ். இரண்டாவது, கார் நிறுவனங்களுக்கே ஷாக் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்புவது: கேப்ரியேல், மன்ரோ, கேஒய்பி போன்றவை இந்த வகை. மூன்றாவது, பெயர் தெரியாத பெட்டியில் "அதே குவாலிட்டி சார்" என்ற வாய்மொழி உத்தரவாதத்துடன் வருவது. நான்காவது, செலவு குறைவு என்று ஆசை காட்டும் ரீகண்டிஷனும் பழைய பாகமும். அவற்றுக்குத் தனியாக வருகிறேன்.

பழைய சிறு காருக்கு என் தேர்வு இரண்டாவது வகை. கம்பெனிப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள விலை வேறுபாடு ஷாக்குக்குச் சில நூறு ரூபாய் இருக்கும்; தரத்தில் அன்றாட ஓட்டத்தில் உணரக்கூடிய வேறுபாடு இல்லை. வேறுபாடு மிகச் சிறிதாக இருந்தால் கம்பெனிப் பெட்டியையே வாங்கலாம், ஏனெனில் பாக எண் தவறும் வாய்ப்பு அதில் குறைவு. மூன்றாவது வகையில் குரோம் தண்டும் சீலும் எவ்வளவு நாள் தாங்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

"கேஸ் ஷாக் போடுங்கள், சூப்பராக இருக்கும்" என்று கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. கேஸ் ஷாக் என்பதில் எண்ணெய் இல்லாமல் இல்லை. எண்ணெய் நுரைத்துப்போய் வலுவிழக்காமல் இருக்க அதனுடன் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். ஆல்ட்டோ, பழைய வேகன் ஆர் போன்றவற்றில் ஆலையிலிருந்து வரும்போதே கேஸ் ஷாக்தான். ஆகவே அதைத் தனிச் சிறப்பாகச் சொல்லி விலை ஏற்றினால் ஏமாற வேண்டாம். கெட்டியான ஸ்போர்ட்ஸ் ஷாக் இந்த வண்டிகளுக்குத் தேவையே இல்லை; பழைய புஷ்களும் பழைய ஸ்பிரிங்கும் உள்ள காரில் அதைப் போட்டால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகுத்தண்டில் தெரியும்.

4. ரீகண்டிஷன் ஷாக்கும் பழைய பாகமும்

பைக்கின் முன் ஃபோர்க்கைக் கழற்றி ஆயில் சீல் மாற்றி எண்ணெய் ஊற்றுவது முறையான வேலை; அது அப்படிப் பிரிப்பதற்காகவே செய்யப்பட்டது. அதைப் பார்த்துப் பழகியதால்தான் கார் ஷாக்கையும் ரிப்பேர் செய்யலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. இந்தச் சிறு கார்களின் ஷாக் விளிம்பு மடித்து மூடப்பட்ட ஒன்று. அதை ரீகண்டிஷன் செய்பவர்கள் குழாயை வெட்டியோ துளையிட்டோ பழைய எண்ணெயை இறக்கி, கைக்குக் கிடைத்த கெட்டியான எண்ணெயை நிரப்பி, வெல்டு வைத்துக் கறுப்பு பெயிண்ட் அடித்துத் தருகிறார்கள். உள்ளே தேய்ந்துபோன வால்வும் பிஸ்டனும் அப்படியே இருக்கும். கெட்டி எண்ணெயால் முதல் சில வாரங்கள் வண்டி இறுக்கமாக ஓடுவது போலத் தோன்றும். பிறகு பழையபடி ஆடத் தொடங்கும், அதற்குள் கொடுத்த லேபர் போனது போனதுதான்.

சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்கள் மலிவாகக் கிடைப்பது உண்மை. கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவற்றை அங்கே தாராளமாகத் தேடலாம். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாத ஷாக்கை வாங்குவதில் மட்டும் பொருளில்லை. புது ஷாக்கின் விலையே ஓரிரு ஆயிரத்தில் முடிகிற வண்டிகளுக்கு இந்தச் சேமிப்பு கண்துடைப்பு.

5. ஷாக்குடன் எவற்றைச் சேர்த்து மாற்றுவது

ஷாக்கை எப்போதும் ஓர் அச்சுக்கு இரண்டாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆனால் நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்ஜின் எடை முன்பக்கத்தில் இருப்பதால் பல வண்டிகளில் முன்பக்கமே முதலில் களைக்கும். பின்னால் சிஎன்ஜி அல்லது எல்பிஜி சிலிண்டர் சுமக்கும் வண்டிகளில் பின்பக்கத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். கையில் பணம் குறைவானால் மோசமான அச்சை இப்போதும் மற்றதைச் சில மாதம் கழித்தும் செய்துகொள்ளலாம்.

முன்பக்கத்தில் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்து மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். அந்த நேரத்தில் மேலே உள்ள ஸ்ட்ரட் மவுண்ட்டும் பேரிங்கும், நடுவே உள்ள பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் அடிவரை அமிழ்ந்து இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) டஸ்ட் கவரும் கையில் வந்துவிடும். பத்து ஆண்டு ஆன வண்டியில் இவற்றின் ரப்பர் வெடித்திருக்கும். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று பழையதையே திரும்பப் போட்டால், சில மாதத்தில் மவுண்ட் சத்தம் போடும்போது அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் மண் நேராகக் குரோம் தண்டில் படிந்து புது ஷாக்கின் சீலையும் அரித்துவிடும்.

ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். உடைந்திருந்தால், துரு ஆழமாக அரித்திருந்தால், இரு பக்க உயரமும் வேறுபட்டால் மாற்றலாம். இல்லையென்றால் அது தேவையற்ற செலவு.

6. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

நான் விசாரித்த அளவில், இந்த வகைச் சிறு கார்களுக்கு முன் ஸ்ட்ரட் ஒன்று ஏறத்தாழ 1,200 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள்ளும், பின் ஷாக் ஒன்று 700 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள்ளும் அடங்கும். மவுண்ட்டும் பேரிங்கும் பக்கத்துக்கு 400 முதல் 900 வரை, பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் சேர்ந்து சில நூறு. முன்பக்க லேபர் வெளி மெக்கானிக்கிடம் ஆயிரத்தை ஒட்டியும், சர்வீஸ் சென்டரில் அதைவிடக் கணிசமாக அதிகமாகவும் வரும். அலைன்மெண்ட்டுக்குச் சில நூறு. ஆக முன்பக்க வேலை முழுவதற்கும் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை ஒதுக்கி வைத்தால் நடுவில் கையைப் பிசைய வேண்டியிருக்காது. பின்பக்கம் இதில் பாதிக்குள் முடியும், ஏனெனில் அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலை இல்லை.

தேய்மானத்தால் போன ஷாக்குக்குக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. விபத்தில் வளைந்த ஸ்ட்ரட்டுக்கு விரிவான காப்பீட்டில் கோரலாம். ஆனால் பத்து ஆண்டைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்குப் பொதுவாகப் பாதி தேய்மானம் கழித்துவிடுவார்கள்.

7. வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைச் சுற்றி உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மற்ற ஊர்களில் நீங்கள் தேடும் நிறுவனத்தின் டீலர் யார் என்று கேட்டுப் போவது நல்லது. பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர், பாக எண், தயாரித்த மாதமும் ஆண்டும், எம்ஆர்பி ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விலகிவிடுங்கள். பல ஆண்டு கிடப்பில் இருந்த சரக்கில் சீல் காய்ந்திருக்கலாம் என்பதால் தேதியையும் பாருங்கள்.

எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் "ஜிஎஸ்டி தனி" என்று யாரும் கேட்க முடியாது. வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய எம்ஆர்பி அச்சான பெட்டியைக் காட்டினால் குறைத்த விலையைக் கேளுங்கள். இந்தப் பாகங்களில் எம்ஆர்பியிலிருந்து தள்ளுபடி கேட்பதும் வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

"பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்பது அடுத்த பொறி. பில் இல்லாமல் வாரண்டி இல்லை. பில்லில் பாக எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். வாரண்டி அட்டை இருந்தால் கடையின் முத்திரையுடன் வாங்குங்கள். பொருத்தாத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் கேட்டு அந்தப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான். மெக்கானிக்கே பாகத்தை வாங்கிவருவதாகச் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை, ஆனால் பெட்டியையும் பில்லையும் காட்டிய பிறகு பொருத்தச் சொல்லுங்கள்.

8. எந்த நாளில், எப்படிப் பொருத்துவது

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் செய்துவிடுவது உத்தமம். மழைக்குப் பிறகு எல்லா ஷெட்டிலும் இதே வேலைக்கு வரிசை நிற்கும். வார நாளில் காலையிலேயே வண்டியை விடுங்கள். முன்பக்கத்துக்கு இரண்டு மூன்று மணி நேரமும் பின்பக்கத்துக்கு ஒரு மணி நேரமும் போதும். ஆனால் துருப்பிடித்த போல்ட் ஒன்று முறிந்தால் புதியது வாங்கக் கடை திறந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை பிரித்த வண்டி, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருப்பதால் திங்கள் வரை ஸ்டாண்டில் நிற்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று சிலவற்றைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கை அழுத்த முறையான ஸ்பிரிங் கம்ப்ரசர் வேண்டும். கயிறு கட்டி அழுத்தும் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள், அந்த ஸ்பிரிங் நழுவினால் ஆள் பிழைப்பது கடினம். பின்பக்க ஷாக்கைக் கழற்றுவதற்கு முன் அச்சின் அடியில் ஜாக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையேல் அச்சு தொங்கி பிரேக் ஹோஸ் இழுபடும். புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்த பிறகே பொருத்த வேண்டும். படுக்க வைத்திருந்ததால் உள்குழாயில் புகுந்த காற்று அப்போதுதான் அங்கிருந்து விலகும். மேல் நட்டை இறுக்கும்போது குரோம் தண்டைப் பிளையரால் பிடித்தால் உடனே தடுங்கள். அந்தக் கீறல் சீலை அறுத்து ஒரே மாதத்தில் கசிய வைக்கும், வாரண்டியும் கிடைக்காது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது நடக்க வேண்டும்.

9. வேலை முடிந்த பிறகு

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் சக்கரக் கோணம் மாறியிருக்கும். அன்றோ மறுநாளோ வீல் அலைன்மெண்ட் செய்து, முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சான தாளை வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணமாகத் தேய்ந்த டயர் புது ஷாக் போட்டாலும் ஊளையிட்டுக்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டு ஷாக் சரியில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை போல்ட்களின் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குப் பணம் கேட்கமாட்டார். கழற்றிய பழைய ஷாக்குகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றியதற்கு அதுவே சாட்சி. அவை ரீகண்டிஷன் பெயிண்ட்டுடன் இன்னொருவரின் வண்டிக்குப் போவதும் நிற்கும். புதுப் பெட்டியில் பாக எண் உள்ள பக்கத்தை வெட்டி, பொருத்திய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் அதன் பின்புறம் எழுதி, பில்லுடன் சேர்த்து ஆர்சி உறையிலேயே வையுங்கள். வாரண்டிக் காலத்துக்குள் எண்ணெய் வழிந்தால் ஷாக்கை வேறெங்கும் பிரிக்க விடாமல், அந்த உறையோடு வாங்கிய கடைக்கே கொண்டு செல்லுங்கள்.